தையல் பிரித்தபோது கோடாக இருந்த தழும்பு பிறகு ஏன் அகலமாகிறது?

மும்பை தாராவியிலிருந்து ஒரு அக்கா தன் தம்பிக்காகக் கேட்டிருக்கிறார். தம்பிக்கு 26 வயது. வலது தோள்பட்டை எலும்பின் மேல், முதுகில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். காயம் ஏறத்தாழ 6 செ.மீ. நீளம். 12-ம் நாள் தையல் பிரித்தபோது மெல்லிய கோடுதான் தெரிந்தது. மூன்று மாதம் கழித்து இப்போது அது ஒரு செ.மீ.க்கும் மேல் அகன்று, தட்டையாக, பளபளவென்று இருக்கிறது. அரிப்பு இல்லை, வலி இல்லை. டாக்டர் சரியாகத் தைக்கவில்லையா, தையலைச் சீக்கிரம் பிரித்துவிட்டார்களா, இனி இது சரியாகுமா என்பது அவர் கேள்வி.

நீங்கள் சொல்லும் விவரங்களில் தையலைக் குறை சொல்ல எதுவும் தெரியவில்லை. முதுகுக்கு 10 முதல் 14 நாள்தான் வழக்கம், எனவே 12-ம் நாள் பிரித்தது சரியான கணக்கு. தழும்பு சரியாகுமா என்றால், நிறம் சரியாகும், அகலம் தானாகக் குறையாது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் அடுத்து என்ன செய்வது, எதற்குக் காசு செலவழிக்கக் கூடாது என்று உங்களால் முடிவெடுக்க முடியும்.

வெட்டிச் சேர்த்த தோலுக்கு முதல் வார முடிவில் பழைய பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது. மூன்றாம் வாரத்தில் 20 முதல் 30 சதவீதம். மூன்று மாதத்தில் 70 முதல் 80 சதவீதம். அதற்கு மேல் வாழ்நாள் முழுக்க ஏறுவதில்லை. தழும்பு ஒருபோதும் பழைய தோலாக மாறுவதில்லை. ஆக, தையல் பிரிக்கும் நாளில் காயத்தின் மேல்வாய்தான் மூடியிருக்கிறது. உள்ளே இருக்கும் புதுக் கொலாஜன், அதாவது தோலுக்குப் பலம் தரும் புரத இழை, இன்னும் ஒழுங்கில்லாமல், எந்தப் பக்கம் இழுத்தாலும் இளகிக் கொடுக்கிற நிலையில் இருக்கிறது.

அப்படியானால் தையலை ஒரு மாதம் விட்டுவைக்கலாமே என்று தோன்றும். அதைச் செய்ய முடியாது. தோலைத் துளைத்துப் போகும் நூலைச் சுற்றி மேல்தோல் செல்கள் அந்தத் துளைக்குள்ளேயே இறங்கி வளர ஆரம்பிக்கும். ஏழெட்டு நாளைத் தாண்டினாலே அந்தத் துளைகள் நிரந்தரப் புள்ளிகளாகத் தங்கும் வாய்ப்பு ஏறுகிறது. நூலை இறுக்கிக் கட்டியிருந்தால் தண்டவாளத்துக் கட்டைகள் போலக் குறுக்குக் கோடுகளும் வரும். அதனால்தான் முகத்தில் 4 அல்லது 5 நாளில் பிரித்துவிடுகிறார்கள், தலையில் 7 முதல் 10 நாள், கை கால் மூட்டுகளின் மேல் 14 நாள். மேல்தையலின் வேலை இரு விளிம்புகளையும் ஒரே மட்டத்தில் பொருத்தி வைப்பது மட்டுமே. இழுவையைத் தாங்குவது அதன் வேலை இல்லை.

இழுவையைத் தாங்குவது உள்தையல். மேல்தோலுக்குக் கீழே டெர்மிஸ் என்ற தடித்த அடுக்கு இருக்கிறது. அதை, தானாகக் கரையும் நூலால், முடிச்சு அடியில் போகும்படி தைப்பார்கள். எந்த நூல் என்பது இங்கே பெரிய விஷயம். பலரும் பயன்படுத்தும் விக்ரில் இரண்டு வாரத்தில் முக்கால் பங்கு பலத்தோடு இருக்கும், மூன்றாம் வாரத்தில் பாதி, ஐந்தாம் வாரத்துக்குள் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மோனோகிரில் இன்னும் சீக்கிரம். மூன்றாம் வாரத்திலேயே கைவிட்டுவிடும். பிடிஎஸ் என்கிற நூல் நாலாவது வாரத்திலும் பாதிப் பலத்துக்குக் குறையாமல் தாங்கும், முழுதாகக் கரைய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். முதுகு, தோள், முட்டி போன்ற இழுவை மிகுந்த இடங்களில் மெதுவாகக் கரையும் நூலைத் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான்.

இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலாவது வாரத்துக்குமேல் நூல் தளர்ந்துவிடுகிறது. கொலாஜன் முக்கால் பங்குப் பலம் பெற மூன்று மாதம் வேண்டும். நடுவில் இரண்டு மாதம் காயத்தைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. வலியும் இராது, கட்டும் இராது, தம்பியும் எல்லாம் ஆறிவிட்டது என்று வழக்கம்போல் கையைத் தூக்குகிறார், சுமக்கிறார். தழும்பு அகலமாவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். சில இடங்களில் ஆறு மாதம் வரைகூட மெல்ல நீள்கிறது.

முதுகு ஏன் இவ்வளவு மோசம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் தோல் எப்போதுமே இழுபட்ட நிலையில்தான் உடம்பைப் போர்த்தியிருக்கிறது. 1861-ல் வியன்னாவில் கார்ல் லாங்கர் என்ற உடற்கூறு அறிஞர் இறந்த உடல்களின் தோலில் உருண்டையான ஊசியால் வரிசையாகக் குத்திப் பார்த்தார். துளைகள் வட்டமாக நிற்காமல் நீள்வட்டப் பிளவுகளாக மாறின, அதுவும் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு திசையில். அந்தத் திசைகளைச் சேர்த்து வரைந்த வரைபடத்தில்தான் இந்தத் துறையே தொடங்கியது. உயிருள்ளவரிடம் பார்க்க எளிய வழி, தோலை இரு விரலால் கிள்ளுவது. எந்தத் திசையில் நேரான, நீளமான மடிப்புகள் விழுகின்றனவோ அதுவே வெட்ட ஏற்ற திசை. பெரும்பாலும் அது அடியிலிருக்கும் தசை இழுக்கும் திசைக்குக் குறுக்காக இருக்கும். நெற்றியில் சுருக்கங்கள் படுக்கையாக விழுவதும், தைராய்டு அறுவையின் கழுத்துத் தழும்பு ஒரு வருடத்தில் கழுத்து மடிப்போடு கலந்துவிடுவதும் இதனால்தான். அடிவயிற்றில் படுக்கையாக வெட்டிய சிசேரியன் தழும்பு, தொப்புளுக்குக் கீழே நெட்டாக வெட்டியதைவிட மெல்லியதாக ஆறுவதும் இதனால்தான். பைபாஸ் செய்தவர்களின் நடுமார்புத் தழும்பு இதற்கு எதிர் உதாரணம்: இழுவைக்குக் குறுக்கே போகிறது, மூச்சு விடும்போதெல்லாம் அசைகிறது.

தோள்பட்டை எலும்பின் மேல் இந்த விதியைக் கடைப்பிடிக்கவே வழியில்லை. கையை முன்னால் நீட்டினால் தோல் ஒரு திசையில் இழுபடுகிறது, தலைக்கு மேல் தூக்கினால் வேறு திசையில். எப்படி வெட்டினாலும் ஏதோ ஒரு அசைவுக்குக் குறுக்காகத்தான் அமையும். மேல்முதுகிலும் தோளிலும் நல்ல கைகள் தைத்தவையும் அகலமாவது வழக்கம். அறுவைக்கு முன்பே இதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விடுவதால்தான் பின்னால் மனக்கசப்பு வருகிறது.

கட்டியோடு 2 செ.மீ. அகலத் தோலை எடுத்தால், அந்த 2 செ.மீ. பக்கத்துத் தோலிலிருந்துதான் வந்தாக வேண்டும். தோல் கொடுக்கும் விதம் சுவாரஸ்யமானது. சும்மா இருக்கும்போது கொலாஜன் இழைகள் அலையலையாக இருக்கும். முதலில் இழுக்கும்போது அலைகள் நேராவதால் தோல் எளிதாக வரும். இழைகள் நேரானதும் சட்டென்று விறைத்துக்கொள்ளும். ஆனால் இழுத்த நிலையிலேயே சில நிமிடம் பிடித்திருந்தால், இழைகளுக்கு நடுவே இருக்கும் நீர் பிதுங்கி விலக, இழைகள் திசை மாறிப் படிய, தோல் இன்னும் கொஞ்சம் நீளும். அதே நீளத்தில் வைத்திருக்கத் தேவைப்படும் இழுவையும் குறையும். அறுவை மேசையில் விளிம்புகளைக் கொக்கியால் பிடித்துச் சில நிமிடம் இழுத்து, விட்டு, மறுபடி இழுப்பது இதற்காகத்தான். இப்படிக் கிடைப்பது சொற்ப நீளம்தான், அதிலும் ஒரு பகுதி பின்னால் திரும்பிப் போய்விடும்.

அடுத்த வழி, விளிம்புக்கு அடியில் தோலைக் கொழுப்போடு சேர்த்துத் தசை உறையிலிருந்து பிரித்து விடுவது. 2 அல்லது 3 செ.மீ. வரை பிரித்தால் நல்ல பலன் உண்டு. அதற்கும் மேல் போனால் பலன் குறைந்துகொண்டே போகும், ஆபத்து ஏறும். அடியிலிருந்து மேலே வரும் சிறு ரத்தக் குழாய்கள் அறுபடும், பிரித்த பையில் ரத்தம் தேங்கும், தேங்கிய ரத்தம் தையலை உள்ளிருந்து தள்ளும், கிருமிக்கும் இடம் கொடுக்கும். தைத்து முடித்ததும் விளிம்பு வெளுத்துப் போயிருந்தால் அங்கே ரத்தம் ஓடவில்லை என்று அர்த்தம். அது ஒரு சில நிமிடத்தில் சிவக்காவிட்டால் தையலைத் தளர்த்த வேண்டும். பிடிவாதமாக இழுத்துக் கட்டினால் நாலைந்து நாளில் விளிம்பு கறுத்துச் செத்து, காயம் வாய் பிளக்கும். அப்படி ஆறும் தழும்பு, முதலிலேயே வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டு வைத்ததைவிட மோசமாக இருக்கும்.

தோல் உண்மையிலேயே புதிதாக வளர்வதும் உண்டு. பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றுத் தோல் அப்படித்தான் வளர்கிறது. அதே தன்மையைப் பயன்படுத்தி, நல்ல தோலுக்கு அடியில் சிலிகான் பை ஒன்றை வைத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து வாரம் ஒரு முறை உப்புநீர் ஏற்றி, இரண்டு மூன்று மாதத்தில் கூடுதல் தோலை வளர்த்தெடுக்கிறார்கள். தீக்காயத் தழும்பு, தலையில் முடி இல்லாத பெரிய வடு போன்றவற்றுக்கு இது அருமையான வழி. உங்கள் தம்பியின் அளவுக்கு இது தேவையில்லை.

நல்ல தையலை எப்படி அடையாளம் காண்பது? வெட்டு நீள்வட்டமாக, அகலத்தைப்போல் மூன்று மடங்கு நீளம் இருக்க வேண்டும். நீளத்தைக் குறைத்தால் இரு முனைகளிலும் தோல் காது மாதிரி துருத்தி நிற்கும். சின்னத் தழும்பாக வையுங்கள் டாக்டர் என்று கெஞ்சுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்தையல் போட்டு முடித்ததும், மேல்தையல் போடுவதற்கு முன்பே, விளிம்புகள் தாமாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இழுவை மிகுந்த இடத்தில் விளிம்பைச் சற்று மேடாகத் தூக்கித் தைப்பார்கள். முதல் சில வாரம் அது வரப்பு மாதிரி தெரியும், பிறகு தானே அமரும். முதல் மாதத்தில் தட்டையாக அழகாக இருக்கிற முதுகுத் தழும்பு, மூன்றாம் மாதத்தில் பள்ளமாக விரிவதை அடிக்கடி பார்க்கலாம்.

தழும்பில் மூன்று வகை உண்டு. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பணமும் நேரமும் வீணாகின்றன. முதல் வகை விரிந்த தழும்பு: தட்டை அல்லது சற்றே பள்ளம், மெல்லிய பளபளப்புத் தோல், அரிப்பு இல்லை. உங்கள் வர்ணனை இதற்குத்தான் பொருந்துகிறது. இரண்டாவது தடித்த தழும்பு: ஒன்றிரண்டு மாதத்தில் சிவந்து மேடாகும், அரிக்கும், ஆனால் வெட்டிய எல்லைக்குள்ளேயே நிற்கும், ஒன்றிரண்டு வருடத்தில் பெரும்பாலும் தணியும். மூன்றாவது கெலாய்டு: எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் நண்டுக்கால் மாதிரி பரவும், தானாகக் குறையாது. நடுமார்பு, தோள், மேல்முதுகு, காது மடல், தாடைக் கோடு ஆகியவை அது விரும்பும் இடங்கள். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கருத்த தோல் உள்ளவருக்கும் வாய்ப்பு அதிகம். மூன்றுக்கும் இழுவை ஒரு காரணம்தான்; ஒருவருக்கு அது தழும்பை மெலிய வைக்கிறது, இன்னொருவருக்குக் கொலாஜனை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கிறது.

மேடான இரண்டு வகைக்கும் சிலிகான் ஜெல் அல்லது சிலிகான் ஷீட் உதவும். காயம் முழுதாக மூடிய பிறகு தொடங்கி, ஷீட்டை நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதமாவது வைக்க வேண்டும். போதாவிட்டால் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, மில்லிக்கு 10 முதல் 40 மி.கி. வரையான செறிவில், 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு தடவை தழும்புக்குள்ளேயே போடுவார்கள். கெலாய்டை வெறுமனே வெட்டி எடுக்கவே கூடாது. பாதிப் பேருக்காவது, பெரும்பாலும் முன்னைவிடப் பெரிதாக, திரும்ப வருகிறது. வெட்டினால் கூடவே ஊசி, காது மடல் என்றால் அழுத்தும் கிளிப், திரும்பத் திரும்ப வருபவருக்கு ஓரிரு நாளுக்குள் கதிர்வீச்சு என்று சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

உங்கள் தம்பிக்கு அந்த ஊசி வேண்டவே வேண்டாம். அது கொலாஜனைக் கரைக்கும் மருந்து. ஏற்கெனவே மெலிந்த தழும்பில் போட்டால் இன்னும் பள்ளமாகும், வெளுக்கும். சிலிகான் ஜெல்லும் அகலத்தைக் குறைக்காது. கடையில் விற்கும் விலை கூடிய தழும்புக் களிம்பு எதுவும் விரிந்த தழும்பைச் சுருக்காது. வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவுவதும் பலன் தராது, பலருக்கு அந்த இடத்தில் ஒவ்வாமைத் தடிப்பு வருகிறது. சிவப்பழகு கிரீம்கள் என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்தவை வருகின்றன, அவற்றைத் தொடவே வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது, இன்னும் விரியாமல் தடுப்பது. மைக்ரோபோர் எனப்படும் காகித டேப் போதும். தையல் பிரித்த நாளிலிருந்து 12 வாரம் ஒட்டியிருந்தால்தான் முழுப் பலன். இப்போது தொடங்கினாலும் ஆறாம் மாதம் வரை ஒட்டுவது நியாயம்தான். அந்த இடத்து முடியைக் கத்தரித்து, சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடையுங்கள். கை பக்கவாட்டில் தொங்கியபடி இருக்க, வேறொருவர் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தழும்பின் இரு பக்கத்தையும் சற்று நெருக்கிப் பிடித்து, டேப்பைக் குறுக்காக, ஓடு வேய்வதைப் போல் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி ஒட்ட வேண்டும். நெருக்குவது தோலைத்தான், டேப்பை இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பின் முனைகளில் கொப்புளம் வரும். அதோடே குளிக்கலாம், ஒற்றித் துடைத்தால் போதும். சாதாரண நாளில் 5 முதல் 7 நாள் தாங்கும். மும்பை மழைக்காலப் புழுக்கத்தில் இரண்டு மூன்று நாளிலேயே மாற்ற வேண்டியிருக்கும். எடுக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, தோலோடு படிந்தவாறு மெல்ல உரியுங்கள். அடியில் அரிப்பும் பொரிப்பொரியாகத் தடிப்பும் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

லோக்கல் ரயிலில் மேல் கைப்பிடியை வலது கையால் பிடித்துத் தொங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு குலுக்கலும் நேராகத் தழும்பில்தான் விழுகிறது. இடது கையால் பிடிக்கட்டும், அல்லது கம்பியில் சாயட்டும். பையை முதுகிலோ வலது தோளிலோ மாட்ட வேண்டாம். மும்பையில் எல்லாரும் செய்வதைப்போல் முன்னால் மாட்டினாலும் பட்டை தோளை இழுக்கும், அதனால் இடது கையில் பிடிப்பதே நல்லது. காலையில் தண்ணீர்க் குடத்தை வலது பக்கம் தூக்க வேண்டாம். ஜிம்முக்குப் போகிறவரானால் புஷ்-அப், புல்-அப், பெஞ்ச் பிரஸ் மூன்றும் இன்னும் மூன்று மாதம் வேண்டாம். அதற்காகக் கையை அசைக்காமலே கட்டிப் போடவும் கூடாது, தோள்மூட்டு இறுகிவிடும். மற்ற அசைவுகள் தோள் உயரம் வரை மெதுவாக நடக்கட்டும்.

வெயில் பட்டால் புதுத் தழும்பு கறுத்து, அந்தக் கருமை வருடக்கணக்கில் நிற்கும். சட்டை மறைக்கும் இடம் என்பதால் இங்கே கவலை இல்லை. முகத்திலோ கையிலோ தழும்பு உள்ளவர்கள் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் ஒரு வருடம் பூசட்டும்.

சாப்பாட்டில் நம் வீடுகளில் நடக்கும் ஒரு தவறைச் சொல்லியே ஆக வேண்டும். அறுவை நடந்தவுடன் முட்டை, மீன், பருப்பு, கத்தரிக்காய் சீழ் வைக்கும் என்று நிறுத்தி, ரசம் சோறும் பிரட்டும் மட்டும் கொடுக்கிறார்கள். கொலாஜன் என்பதே புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்குக் காயம் ஆறும் காலத்தில் நாளுக்கு 70 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம். இழைகளைப் பின்னிப் பிணைக்க வைட்டமின் சி வேண்டும்; நாளுக்கு ஒரு கொய்யாப்பழம் போதும். சிகரெட் பிடிப்பவரானால் அதுதான் முதல் எதிரி. ரத்தக் குழாய்களைச் சுருக்கி விளிம்புகளைச் சாகடிக்கும். அறுவைக்கு நாலு வாரம் முன்பே நிறுத்துவது நல்லது. புண் மேல் காபிப்பொடி, மஞ்சள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். ஆறும்வரை மெல்லிய பூச்சாக வாசலின் போட்டு ஈரப்பதத்தோடு மூடி வைத்தால் போதும்.

இடையில் தழும்பின் மேல் பருமாதிரி ஒன்று கிளம்பி, நூல் நுனி எட்டிப் பார்த்தால் பயப்பட வேண்டாம். இன்னும் கரைந்து முடியாத உள்தையல் முடிச்சை உடம்பு வெளியே தள்ளுகிறது. டிரெஸ்ஸிங் அறையில் அதை உருவி எடுத்தால் ஆறிவிடும். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ அன்றே காட்ட வேண்டும்.

தழும்பை வெட்டி மறுபடி தைத்துச் சரிசெய்ய முடியுமா என்றால், ஒரு வருடமாவது பொறுங்கள். அதற்குள் சிவப்பும் கருமையும் மங்கி, பலருக்கு அறுவை வேண்டும் என்ற எண்ணமே போய்விடும். அப்படியும் வேண்டுமென்றால், மெதுவாகக் கரையும் நூலால் இரண்டு அடுக்கில் தைத்து, பிறகு மூன்று மாதம் டேப்பும் கட்டுப்பாடும் இருந்தால் முன்னைவிடக் குறுகலாக அமைய வாய்ப்பு உண்டு. ஆனால் அதே இடம், அதே இழுவை; மறுபடி விரியவும் கூடும் என்று சொல்லாமல் செய்து தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே சயான் மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது, பரேலில் கேஇஎம்-மிலும் உண்டு. போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும், கட்டியைப் பரிசோதித்த பயாப்ஸி அறிக்கையையும், கிடைத்தால் அறுவைக் குறிப்பையும் எடுத்துப் போங்கள். எந்த நூல், எத்தனை அடுக்கு என்று தெரிந்தால் அடுத்தவர் வேறு விதமாகத் திட்டமிடலாம். கூடவே தம்பியின் இடது கையில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட இடத்தையும் காட்டச் சொல்லுங்கள். அது மேடாகத் தடித்து, போட்ட இடத்தைத் தாண்டிப் பரவியிருந்தால், அல்லது அம்மாவுக்கோ உங்களுக்கோ காது குத்திய இடத்தில் உருண்டை கட்டியிருந்தால், அது கெலாய்டு வரக்கூடிய உடம்பு; இந்தத் தட்டைத் தழும்பை அப்படியே விட்டுவிடுவதே அவருக்கு நல்லது.